முழங்கால் சவ்வு நோய்: எந்தச் சிகிச்சை, யாருக்கு?

முழங்கால் வீக்கம் என்றால் நம் ஊர்களில் உடனே சொல்லப்படும் காரணங்கள் மூன்று: வயது, வாதம், எப்போதோ பட்ட அடி. பெரும்பாலானோரைப் பொறுத்தவரை இந்த ஊகம் பொய்ப்பதும் இல்லை. ஆனால் இளம் வயதில், ஒரே ஒரு முழங்கால் மட்டும், காய்ச்சலோ அடிபட்ட நினைவோ இல்லாமல் மாதக்கணக்கில் வீங்குவதும் வடிவதுமாக இருந்தால், இந்த மூன்றிலும் அடங்காத ஒரு நோயையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூட்டின் உட்சவ்வு தன் அளவை மீறித் தடித்து வளரும் நோய் அது. 1941-இல் ஜாஃபே, லிச்டென்ஸ்டைன், சுட்ரோ என்னும் மூன்று மருத்துவர்கள் அதற்கு இட்ட நீண்ட பெயரின் சுருக்கமான ‘பி.வி.என்.எஸ்.’ என்பதே இன்றும் மருத்துவமனைச் சீட்டுகளில் எழுதப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வகைப்பாட்டில் அதன் பெயர் ‘டெனோசினோவியல் ஜெயண்ட் செல் டியூமர்’, சுருக்கமாக, டி.ஜி.சி.டி.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்நோயின் பெயர் எனக்கு அறிமுகமானது, விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில் வாழும், எனக்கு மகள் முறையாகும் ஒரு பெண்ணின் மூலம். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவுமின்றிப் பாறையைக் குடைந்து மகேந்திரவர்மப் பல்லவன் கோயில் எடுத்த ஊர் என்று வரலாற்று மாணவர்கள் அதை அறிவார்கள். அப்பெண்ணுக்கு அப்போது முப்பத்தோரு வயது. தையல் இயந்திரத்தை மிதித்துக் குடும்பம் நடத்துபவர். இரண்டு ஆண்டுகளாக வலது முழங்காலில் வீக்கம். மூன்று முறை ஊசி வழியாக நீர் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் வந்தது துருப்பிடித்த தண்ணீரைப் போன்ற பழுப்பு நீர். இடையில், மூட்டுக் காசநோயாக இருக்கலாம் என்று பல மாதங்கள் மாத்திரை கொடுக்கப்பட்டது. கடைசியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் நோயின் பெயரைச் சொல்லின.

பெயர் தெரிந்த பிறகுதான் உண்மையான குழப்பம் தொடங்கியது. ஒரு மருத்துவர் சிறு துளைகள் வழியாகச் சவ்வை அகற்றிவிடலாம் என்றார். இன்னொருவர் மூட்டைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்றார். மூன்றாமவர் புதிய மாத்திரைகள் வந்திருப்பதாகச் சொன்னார். மூவர் சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. “இதுல எது பெரியப்பா நல்லது?” என்று அவர் என்னைக் கேட்டார். மருத்துவம் தெரியாத எனக்கு, புள்ளிவிவர அட்டவணைகளை வாசிக்கத் தெரியும். அந்த வாசிப்பு எனக்குக் கற்பித்தது இதுதான்: ‘எது நல்லது’ என்பது பாதிக் கேள்வி. எந்த வகை நோய்க்கு, எந்த நோக்கத்துக்கு, எவருடைய கையால் என்பவற்றையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வியாகும்.

அழைத்தவர் சிலர், கூடியவர் பலர்

நலமுள்ள மூட்டில் உட்சவ்வு மிக மெல்லியது. மூட்டு உராயாமல் இயங்கத் தேவையான வழவழப்பான நீரைச் சுரப்பது அதன் வேலை. இந்த நோயில், சவ்வின் சில செல்களில் மட்டும் மரபணுக்கள் இடம் மாறிப் பிணைந்துவிடுகின்றன. அதன் விளைவாக அவை ‘சி.எஸ்.எஃப்.1’ என்னும் சமிக்ஞைப் புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. இந்தச் சமிக்ஞை, உடலின் துப்புரவுப் பணியாளர்களான எதிர்ப்பாற்றல் செல்களைக் கூட்டம் கூட்டமாக அங்கே வரவழைக்கிறது. 2006-இல் வெளியான ஆய்வு வெளிப்படுத்திய உண்மை இது: கட்டியில் மரபணு மாறிய செல்கள் சிறுபான்மையே, எஞ்சியவை அழைப்பைக் கேட்டுக் கூடியவை. அழைத்தவர் சிலர், கூடியவர் பலர்.

இப்படித் தடித்த சவ்வில் இரத்தக் கசிவு அடிக்கடி ஏற்படுகிறது. கசிந்த இரத்தத்தின் இரும்புச் சத்து அங்கேயே படிந்துவிடுவதால் சவ்வும் நீரும் பழுப்பேறுகின்றன. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அந்த இரும்பு கருமையான திட்டுகளாகத் தெரிவது நோயைக் கண்டறிய உதவும் முக்கியமான தடயம்.

இது புற்றுநோய் அன்று. மிக மிக அரிதான சில நிகழ்வுகளைத் தவிர வேறு உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. உயிரைப் பறிப்பதும் இல்லை. ஆனால் மூட்டுக்குள் வளரும் சவ்வு காலப்போக்கில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கக்கூடியது. இருபது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையில், உழைக்கும் பருவத்தில் வருவதே இதன் கொடுமை. உயிரைக் காக்கும் சிகிச்சை என்றால் பக்க விளைவுகளைப் பொறுத்துக்கொள்கிறோம். உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்குத் தரும் சிகிச்சையோ, தான் நீக்கும் துன்பத்தைவிடக் குறைவான துன்பத்தையே தர வேண்டும். சிகிச்சைகளை ஒப்பிடும்போது முதலில் மனத்தில் நிறுத்த வேண்டிய அளவுகோல் இது.

அடுத்தது, நோயின் வகை. சவ்வின் ஓரிடத்தில் மட்டும் உருண்டையாக வளர்வது ஒரு வகை. மூட்டின் முன்னும் பின்னும் சவ்வு முழுவதும் பரவி வளர்வது மற்றொரு வகை. இரண்டுக்கும் பெயர் ஒன்றே, போக்கு வெவ்வேறு. ஓரிட வகையை முழுமையாக அகற்றிவிட்டால் பெரும்பாலானோருக்கு அத்துடன் தொல்லை முடிகிறது. பரவிய வகை திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது. எனவே, “எனக்கு இருப்பது எந்த வகை?” என்று கேட்காமல் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

துளையா, திறப்பா?

அறுவைச் சிகிச்சையே இன்றும் முதன்மை வழி. ஆர்த்ரோஸ்கோப்பி எனப்படும் முறையில், சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்தி நோயுற்ற சவ்வை அகற்றுகிறார்கள். தழும்பு சிறிது, வலி குறைவு, மூட்டு விறைப்பு குறைவு, விரைவில் நடமாடலாம். ஓரிட வகைக்கு இது பெரும்பாலும் போதுமானது. திறந்த அறுவையில் மருத்துவர் மூட்டை நேரடியாகக் காண்கிறார். பெரிய கட்டிகளையும் மூட்டுக்கு வெளியே பரவியவற்றையும் அகற்ற முடிகிறது. அதற்கு ஈடாக நோயாளி தருவது, நீண்ட தழும்பு, கூடுதல் வலி, பல மாத இயன்முறைப் பயிற்சி. பயிற்சியில் குறை வைத்தால் முழங்கால் முழுதாக மடங்காமலே போய்விடலாம்.

பரவிய வகையின் சிக்கல் முழங்காலின் பின்புறத்தில் இருக்கிறது. காலுக்குச் செல்லும் முக்கியமான இரத்தக் குழாயும் நரம்பும் அங்கே ஓடுகின்றன. முன்பக்கத் துளைகள் வழியாக அப்பகுதியை எட்டுவது கடினம். முன்புறத்தை மட்டும் சுத்தம் செய்து பின்புறத்தில் நோயை விட்டுவிட்டால், அதைத் ‘திரும்பி வந்தது’ என்று சொல்வதைவிட ‘போகவே இல்லை’ என்று சொல்வதே சரி. இதனால்தான் முன்புறத்தை ஆர்த்ரோஸ்கோப்பி மூலமும் பின்புறத்தைத் திறந்தும் செய்யும் கூட்டு முறையைப் பல மையங்கள் பின்பற்றுகின்றன. பின்பக்கத் துளைகள் வழியாகவே முழுவதையும் அகற்றும் திறன் பெற்ற மருத்துவர்களும் உள்ளனர். ஆகவே முறையின் பெயரைக் காட்டிலும், ‘பின்புறத்தை எப்படி எட்டப்போகிறீர்கள்?’ என்னும் கேள்வியே நோயாளிக்குப் பயன்படும்.

பல நாடுகளின் சிறப்பு மையங்கள் இணைந்து, பரவிய வகையைச் சேர்ந்த 966 நோயாளிகளின் அறுவை விளைவுகளை ஆராய்ந்து 2019-இல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் வெளியிட்டன. அவர்களில் பெரும்பாலோர் முழங்கால் நோயாளிகள். மூன்றாம் ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 62%. ஐந்தாம் ஆண்டில் 55%. பத்தாம் ஆண்டில் 40%. தேர்ந்த மையங்களிலேயே நிலை இது. ‘ஒருமுறை அறுத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று எவரேனும் உறுதியளித்தால், அந்த உறுதி எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

தொல்லை மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு உடனடியாக எதுவும் செய்யாமல், குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் ஏற்கப்பட்ட வழிதான். நோய் முற்றி மூட்டே சிதைந்துவிட்டவர்களுக்கு, சவ்வை அகற்றுவதோடு செயற்கை மூட்டும் பொருத்த வேண்டியிருக்கும். இவ்விரு எல்லைகளுக்கு இடையில்தான் மற்ற முடிவுகள் அனைத்தும் வருகின்றன.

கதிரும் மாத்திரையும்

அறுவைக்குப் பிறகு எஞ்சிய நோய்க்கோ, திரும்பத் திரும்ப வரும் நோய்க்கோ கதிர்வீச்சு தரும் வழக்கம் உண்டு. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவது ஒரு முறை. இட்ரியம்-90 போன்ற கதிரியக்கப் பொருளை மூட்டுக்குள்ளேயே செலுத்துவது மற்றொரு முறை. நோய் திரும்புவதை இவை தள்ளிப்போட்டதாகக் கூறும் ஆய்வுகள் உள்ளன. பெரும் பயன் இல்லை என்பவையும் உள்ளன. தோல் பாதிப்பு, மூட்டு விறைப்பு, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரக்கூடிய சிறிய அபாயம் ஆகியவை எதிர்த்தட்டில் நிற்கின்றன. எழுபது வயதுக்காரருக்கு அந்த அபாயம் பெரிதன்று. முப்பது வயதுப் பெண்ணுக்கு, முன்னால் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன. ஒரே அபாயம் இருவருக்கும் ஒரே எடை கொண்டதாகாது.

மாத்திரைகள் வேறு தத்துவத்தில் இயங்குகின்றன. கூடிய கூட்டத்தை வெட்டி எறிவது அறுவை. அழைக்கும் குரலைக் கேட்கவிடாமல் செய்வது மாத்திரை. பெக்சிடார்டினிப் என்னும் மருந்து 120 நோயாளிகளிடம், போலி மாத்திரையுடன் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. 25 வார முடிவில் மருந்து பெற்றவர்களில் 39% பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது; போலி மாத்திரை பெற்றவர்களில் ஒருவருக்கும் சுருங்கவில்லை. 2019 ஆகஸ்டில் அமெரிக்கா அதை அனுமதித்தது. ஆனால் சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதால், கட்டாயக் கண்காணிப்புடன் மட்டுமே தரலாம் என்று நிபந்தனை விதித்தது. அதே சான்றுகளைப் பார்த்த ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் அனுமதி தர மறுத்தது. உயிரைப் பறிக்காத நோய்க்கு எவ்வளவு அபாயம் தகும் என்னும் ஒரே கேள்விக்கு இரண்டு அமைப்புகள் இரண்டு விடை தந்தன. இரண்டில் எதையும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

அடுத்து வந்தது விம்செல்டினிப். 123 பேரிடம் நடந்த சோதனையில் 25 வார முடிவில் 40% பேருக்குக் கட்டி சுருங்கியது. போலி மாத்திரைக் குழுவில் இங்கும் ஒருவரும் இல்லை. பெக்சிடார்டினிப்பில் கண்ட வகைக் கடுமையான கல்லீரல் பாதிப்பு அச்சோதனையில் தென்படவில்லை. கண்ணைச் சுற்றி வீக்கம், சோர்வு, அரிப்பு ஆகியவை பலருக்கு ஏற்பட்டன. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா இதற்கும் அனுமதி தந்தது. அறுவை செய்தால் மூட்டின் இயக்கமே கெடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இம்மருந்துகள் புதிய கதவைத் திறந்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. எனினும் 40% என்பதன் மறுபக்கம், பத்தில் ஆறு பேருக்கு அந்த அளவு சுருக்கம் அக்காலத்துக்குள் கிட்டவில்லை என்பதே. கருவுற்ற காலத்தில் இவற்றை உட்கொள்ளக் கூடாது என்பதும் இந்த வயதுப் பெண்களுக்கு முக்கியமான செய்தி.

ஒப்பீட்டில் உள்ள கண்ணி

இந்த எண்களை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிவிட்டால் சிகிச்சைகளை ஒப்பிட்டுவிட்டதாகத் தோன்றும். பொருளியல் மாணவன் அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்.

நுழைவுத் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும், வருகிற பிள்ளைகளை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் அரசுப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும் அருகருகே வைத்து, முன்னதில் ஆசிரியர்கள் சிறந்தவர்கள் என்று முடிவு கட்டுவது தவறு. துளை அறுவையையும் திறந்த அறுவையையும் ஒப்பிடும் பெரும்பாலான ஆய்வுகளில் இதே கண்ணி இருக்கிறது. சிறிய நோயுடன் வந்தவர்களைத் துளை அறுவைக்கும், முற்றிய நோயுடன் வந்தவர்களைத் திறந்த அறுவைக்கும் மருத்துவர்களே பிரித்து அனுப்பிவிடுகிறார்கள். அதன்பின் வரும் விளைவில் எவ்வளவு முறையால், எவ்வளவு நோயால் என்று பிரித்தறிவது கடினம். சீட்டுக் குலுக்கி நோயாளிகளைப் பிரிக்கும் சோதனைதான் இதற்கு மாற்று. மருந்துகளுக்கு அது நடந்தது. அங்கும் ஒப்பீடு போலி மாத்திரையுடன்தான், அறுவையுடன் அன்று.

காலமும் ஒரு கண்ணிதான். ஒரே நோயாளிக் குழுவின் வெற்றி மூன்றாம் ஆண்டில் 62%, பத்தாம் ஆண்டில் 40% என்று மேலே கண்டோம். மூன்றே ஆண்டு கவனித்த ஆய்வையும் பத்தாண்டு கவனித்த ஆய்வையும் ஒப்பிட்டால், அவசரப்பட்டு எழுதியவரே வென்றவராகத் தெரிவார். ‘வெற்றி’ என்ற சொல்லுக்கும் பல பொருள் உண்டு. ஓர் ஆய்வில் அது ஸ்கேனில் எதுவும் தெரியாமல் இருப்பது. இன்னோர் ஆய்வில் மறு அறுவை தேவைப்படாமல் இருப்பது. மருந்துச் சோதனையில் கட்டியின் அளவு சுருங்குவது. தையல் இயந்திரம் மிதிப்பவருக்கு வெற்றி என்பது முழங்கால் மடங்கி நீள்வது.

மேற்சொன்ன 966 பேர் ஆய்வில் தெளிவாகத் தெரிந்த ஒன்றுண்டு. ஏற்கெனவே வேறிடத்தில் அறுவை செய்து, நோய் திரும்பிய பின் சிறப்பு மையத்துக்கு வந்தவர்களுக்கு, மீண்டும் நோய் திரும்பும் வாய்ப்பு முதன்முறையாக வந்தவர்களைவிட வெகுவாகக் கூடியிருந்தது. இதன் ஒரு பகுதிக்கு அவர்களுடைய நோயின் மூர்க்கமே காரணமாக இருக்கலாம். ஆனாலும் நோயாளியின் நோக்கில் பாடம் ஒன்றுதான்: முதல் அறுவைதான் சிறந்த வாய்ப்பு, அதைப் பழக்கமில்லாத கையில் செலவழிக்கக் கூடாது.

எங்கள் வீட்டுப் பெண்ணின் ஸ்கேனில் நோய் முன்னும் பின்னும் பரவியிருந்தது. இந்நோய்க்கு ஏற்கெனவே அறுவை செய்த அனுபவம் உள்ள குழுவைத் தேடிச் சென்றோம். முன்புறம் துளை வழியாகவும் பின்புறம் திறந்தும் செய்தார்கள். ஐந்து மாதங்கள் இயந்திரம் உறையிட்டுக் கிடந்தது. எந்தக் காப்பீட்டுக் கணக்கிலும் வராத செலவு அது. இரண்டரை ஆண்டுகளாக நோய் திரும்பவில்லை. மேலே சொன்ன அட்டவணையைப் படித்தவன் ஆதலால், ‘குணமாகிவிட்டது’ என்று நான் சொல்வதில்லை. அடுத்த ஸ்கேன் தேதியை நினைவூட்டுகிறேன்.

மருந்தின் விலையும் சென்னையின் பங்கும்

அரிய நோய்களுக்கான மருந்துகள் ஏன் எட்டாத விலையில் இருக்கின்றன என்பதற்குப் பொருளியல் விளக்கம் எளிது. ஒரு மருந்தைக் கண்டறிந்து சோதிக்கும் செலவு, நோயாளிகள் கோடிப் பேரானாலும் ஆயிரம் பேரானாலும் பெரிதாகக் குறைவதில்லை. பங்கிட்டுக்கொள்வோர் குறைந்தால் தலைக்கு விழும் பங்கு கூடுகிறது. இதற்காகவே அமெரிக்கா 1983-இல் அரிய நோய் மருந்துகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, ஏழாண்டு விற்பனைத் தனியுரிமை அளித்தது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகள், ஐந்து லட்சம் பேருக்கு மிகாமல் பாதிக்கும் நோய்க்கான மருந்தை அவ்வகையில் சேர்க்கின்றன. 2021-இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கை, தேர்ந்தெடுத்த நோய்களுக்கு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவ வகைசெய்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் பிறவி மரபணு நோய்கள். முழங்கால் சவ்வு நோய் அதில் இடம்பெறவில்லை.

புதிய மருந்துகள் எட்டாதபோது, பழைய மருந்து ஒன்று நினைவுக்கு வருகிறது. இரத்தப் புற்றுநோய்க்கெனப் புகழ்பெற்ற இமாட்டினிப், இந்நோயின் சமிக்ஞையையும் ஓரளவு தடுக்கிறது. 2012-இல் வெளியான ஆய்வில், மதிப்பிடப்பட்ட 27 பேரில் ஐவருக்குக் கட்டி சுருங்கியது. இருபது பேருக்கு வளராமல் நின்றது. புதிய மருந்துகளைவிடச் சுருக்கும் ஆற்றல் குறைவு. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு. ஆயினும் நம் நாட்டில் இம்மருந்து எட்டும் விலையில் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு சென்னைக் கதை இருக்கிறது. நோவார்ட்டிஸ் நிறுவனம் ‘க்ளிவெக்’ என்ற பெயரில் விற்ற இதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை தர, சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் கூடுதல் பலன் தந்தால் மட்டுமே காப்புரிமை என்னும் 3(டி) பிரிவே அதன் அடிப்படை. அப்பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆன காலத்தில், இந்திய நிறுவனங்களின் அதே மருந்து சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அறுவைக்கு இடமில்லாத ஒரு நோயாளிக்கு, மருத்துவர் தம் பொறுப்பில் இதை முயன்று பார்க்க முடிகிறது என்றால், அந்தத் தீர்ப்பின் பலன் புற்றுநோயாளிகளோடு நின்றுவிடவில்லை என்று பொருள்.

அரிது, ஆனால் எண்ண முடியாதது அன்று

நெதர்லாந்து நாட்டில் நாடு தழுவிய திசு ஆய்வுப் பதிவேட்டைக் கொண்டு 2017-இல் ஒரு கணக்கெடுத்தார்கள். பத்து லட்சம் மக்களுக்கு ஆண்டுதோறும் பரவிய வகை நான்கு பேருக்கும், விரல்கள் தவிர்த்த மூட்டுகளில் ஓரிட வகை பத்துப் பேருக்கும் வருகிறது. அதே விகிதம் இங்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டு, 2011 கணக்கெடுப்பின் 7.21 கோடி மக்கள்தொகையைக் கொண்டு கணக்கிட்டால், தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 290 பேருக்குப் பரவிய வகையும் 720 பேருக்கு ஓரிட வகையும் வர வேண்டும். கள்ளக்குறிச்சி பிரியாத அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்கு மட்டும், பரவிய வகையில் ஆண்டுக்குப் பதினான்கு பேர்.

இந்தப் பதினான்கு பேர் எங்கே போகிறார்கள்? சிலர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு, சிலர் புதுச்சேரி ஜிப்மருக்கு, சிலர் வேலூருக்கு, சிலர் சென்னைக்கு, பலர் வழியிலுள்ள சிறு மருத்துவமனைகளுக்கு. எலும்பு மருத்துவர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதிலும் இந்நோயாளிகளில் ஒருசிலரையே பார்க்க நேர்வதால், எவரிடமும் அனுபவம் குவிவதில்லை. காசநோய் மிகுந்த நாட்டில் ஒற்றை மூட்டு வீக்கத்தைப் பார்த்ததும் காசநோயை ஐயுறுவது மருத்துவரின் பிழை ஆகாது. ஆனால் மாதக்கணக்கான மாத்திரைக்கு முன் ஒரு ஸ்கேன், ஒரு திசுப் பரிசோதனை என்பது கட்டாய நடைமுறையாக வேண்டும். எடுக்கும் நீர் பழுப்பாக வந்தால், அதைக் கொட்டிவிடாமல் அதன் நிறத்தைச் சீட்டில் எழுதும் வழக்கமும் வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நம் மாநிலத்தில் இப்போதே அரசையும் தனியார் மருத்துவமனைகளையும் ஒரே வலையில் இணைத்திருக்கிறது. அவ்வலையின் வழியாக இரண்டு செயல்களைத் தொடங்கலாம். ஒன்று, முழங்கால் சவ்வு நோய் உறுதியானால், முதல் அறுவைக்கு முன் ஸ்கேனையும் திசு அறிக்கையையும் அனுபவமுள்ள இரண்டு மூன்று மையங்களில் ஒன்றுக்கு அனுப்பிக் கருத்துப் பெறுவது. நோயாளி அலைய வேண்டியதில்லை; படங்கள் பயணம் செய்தால் போதும். மற்றொன்று, பதிவேடு. எந்த வகை, எந்த முறை, பின்புறம் எட்டப்பட்டதா, எப்போது திரும்பியது, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்ற ஐந்து விவரங்கள் போதும்.

உலகின் மிகப் பெரிய ஆய்வு என்று கருதப்பட்டதில் இருந்தவர்கள் 966 பேர். அவர்களைத் திரட்டப் பல நாடுகள் கைகோக்க வேண்டியிருந்தது. மேலே போட்ட கணக்கு ஓரளவு சரியாக இருந்தாலும், தமிழ்நாட்டில் நான்கே ஆண்டுகளில் அதைவிட அதிகமானோர் இந்நோயுடன் நம் மருத்துவமனைகளுக்குள் நடந்து வருவார்கள். இன்று அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே, ‘எது நல்லது’ என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய அனுபவத்தைச் சேர்த்து எழுதி வைத்தால், அடுத்து வருபவர்களுக்கு அந்தக் கேள்விக்கு நம் மண்ணின் எண்களைக் கொண்டே விடை சொல்ல முடியும்.